இரண்டு ரவுட்டர் இருந்தும் மாடியில் நெட் வரவில்லையா?

மதுரை மாசி வீதிப் பக்கம் என் அத்தை வீடு பழைய காரை வீடு. சுவர் ஒன்றரை அடி கனம். கீழே இருக்கும் ரவுட்டரின் வைஃபை மாடி ஏறுவதற்குள் செத்துவிடும். அதனால் மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கி, கேபிள் இழுத்து மாட்டினார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. ஒருநாள் கரண்ட் போய் வந்தது, அதோடு சரி. போனில் வைஃபை முழுக் கோடு காட்டும், நெட் மட்டும் வராது.

காரணம் இதுதான். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஒரு ஐபி முகவரி கொடுக்கும். அந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். இரண்டு ரவுட்டரிலும் அது ஓடினால், முந்திக்கொண்டு பதில் சொல்வதன் பேச்சைத்தான் போன் கேட்கும். மாடி ரவுட்டர் முந்திவிட்டால், “வெளியே போக என்னிடம் வா” என்று போனுக்குச் சொல்லிவிடும். அதற்கோ வெளியே போக வழியே இல்லை. போதாக்குறைக்கு, இரண்டுக்கும் முகவரி 192.168.1.1 என்றே இருந்தது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

முதலில் மாடி ரவுட்டரை அணைத்துவிட்டு, கீழ் ரவுட்டரில் லேப்டாப்பைக் கேபிளால் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் நெட் இல்லையென்றால் கோளாறு லைனில். நெட் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள், மற்றதைத் தொடவேண்டாம்.

நெட் வந்தால், இரண்டு ரவுட்டருக்கும் இடையே உள்ள கேபிளைக் கழற்றிவிட்டு மாடி ரவுட்டரை மறுபடி ஆன் செய்து, லேப்டாப்பை அதில் மட்டும் மாட்டுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். அந்த முகவரியை பிரவுசரில் போட்டு, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போங்கள். முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள், பாதி வேலை முடிந்தது. கேபிளை எந்தத் துளையில் போடுவது என்பதைப் பெரும்பாலும் அந்தப் பக்கமே சொல்லும். அந்த மோடு இல்லையென்றால் லேன் (LAN) முகவரியை, அதாவது வீட்டுக்குள் அந்த ரவுட்டருக்கு உள்ள முகவரியை, 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். அந்தப் புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஎச்சிபியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலிலேயே டிஎச்சிபியை அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் வெளியே நிற்பீர்கள். கீழ் ரவுட்டர் கொடுக்கும் முகவரிகள் .2 இலிருந்தே தொடங்கினால், அங்கே தொடக்கத்தை .10 ஆக்கிவிடுங்கள்.

இப்போது கேபிள், ஆக்சஸ் பாயின்ட் மோடு இல்லாதவர்களுக்கு. கீழ் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து மாடி ரவுட்டரின் லேன் துளைக்கு. தனியாக, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் வான் (WAN) துளை, அதாவது வெளியிலிருந்து வரும் நெட் லைனுக்கான துளை, காலியாகவே இருக்கட்டும். அதில் மாட்டினாலும் சில வீடுகளில் நெட் வரும், ஆனால் மாடி லேப்டாப்புக்குக் கீழே உள்ள பிரிண்டர் தெரியாது.

சரியா என்று பார்க்க, மாடியில் போனில் வைஃபை விவரத்தைத் திறங்கள். வெளியே போக எந்த முகவரி என்று காட்டும் ‘கேட்வே’ அல்லது ‘ரவுட்டர்’ என்ற வரியில் 192.168.1.1 இருக்க வேண்டும். லேப்டாப்பில் ஐபி 169.254 என்று தொடங்கினால் முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிள் முனையை ஒருமுறை கழற்றி ‘டிக்’ சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

வைஃபை அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குக் கீழே சேனல் 1, மாடியில் 6 அல்லது 11 வையுங்கள். ஒன்றோடொன்று மோதாது. வைஃபை பெயரை முதல் வாரம் வேறு வேறாக வைப்பது என் பழக்கம், எதில் கோளாறு என்று உடனே தெரியும். அப்புறம் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு.

கடைசியாக, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். மாடியில் போனை எடுத்து அந்தக் கேட்வே வரியை மறுபடி பாருங்கள்.