குற்றவியல் நீதித்துறைப் பணிகளுக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரத்தைச் சூறையாடிய பின்னர் கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆண் குழந்தை ஒன்று, அங்கு அனுமதிக்கப்பட்ட வரிசை எண்ணைக் கொண்டே 'பேபி 81' என்று உலகெங்கும் பேசப்பட்டது. ஒன்பது தம்பதியர் அக்குழந்தைக்கு உரிமை கோருவதாகச் செய்திகள் பரவின. நீதிமன்றத்தின் முன் முறைப்படி உரிமை கோரி வந்தவர்கள் ஒரே ஒரு தம்பதியர்தான் என்பது பின்னரே தெரியவந்தது. நீதிமன்ற உத்தரவின்படி கொழும்பில் மரபணுப் பரிசோதனை நடைபெற்று, 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் அவர்களே பெற்றோர் என உறுதியாகி, குழந்தை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

தடயவியல் துறையில் ஆர்வமுள்ள மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மாணவர்களுடன் பேசும்போது நான் பெரும்பாலும் இந்தச் சம்பவத்திலிருந்தே தொடங்குகிறேன். அவர்களுள் பலர் ஆய்வுகூடத்தையும் இயந்திரத்தையும் மட்டுமே கேட்டறிய விரும்புகின்றனர். பரிசோதனைக்கு உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு உண்டு, மாதிரி உரிய ஆளிடமிருந்துதான் எடுக்கப்பட்டது என்பதை யார் பதிவு செய்தார், அது கல்முனைப் பகுதியிலிருந்து கொழும்புவரை யாருடைய பொறுப்பில் சென்றது, முடிவு எந்த வடிவில் நீதிமன்றத்தை அடைந்தது ஆகிய கேள்விகளை அவர்கள் கேட்பதில்லை. குற்றவியல் நீதித்துறையில் தொழில்நுட்பம் சட்டத்துக்கும் எழுத்துப் பதிவுக்கும் உட்பட்டே இயங்குகிறது என்பதை உணராமல் தயாராவதே நான் காணும் தவறுகளுள் முதன்மையானது. ஏனைய தவறுகளிற் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

இத்துறை என்றவுடன் பொலிஸ் உத்தியோகத்தரையும் சட்டத்தரணியையும் மட்டும் நினைப்பது மற்றொரு குறுகிய பார்வை. நீதிமன்றப் பதிவாளர், முதலியார் என்று அழைக்கப்படும் உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர், சட்ட வைத்திய அதிகாரி, அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தின் விஞ்ஞானிகள், 'சொகோ' என்று வழங்கும் குற்றவிடப் பரிசோதனை உத்தியோகத்தர்கள், கணினிக் குற்றங்களை விசாரிக்கும் பிரிவினர் எனப் பலரும் ஒரு வழக்கில் கைகொடுக்கின்றனர்.

பாடத் தெரிவில் நேரும் தவறு வருடங்களை விழுங்கிவிடக்கூடியது. போதைப்பொருள், நஞ்சு, வெடிபொருள், குருதிக்கறை ஆகியவற்றை ஆராயும் பணிக்கு அடித்தளம் இரசாயனவியலும் உயிரியலும் ஆகும். சட்ட வைத்தியத் துறையை நாடுபவர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்பின் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் வழியாகவே விசேட நிபுணராக முடியும். இதனை அறியாமல், உயர்தரப் பரீட்சைக்குப் பின் 'தடயவியல்' என்ற பெயர் தாங்கிய ஆறு மாத டிப்ளோமா ஒன்றில் பணத்தைச் செலுத்திவிட்டு, அது எந்தப் பதவிக்கும் தகைமையாக ஏற்கப்படாததைக் கண்டு மனமுடைந்த பிள்ளைகளை நான் அறிவேன். தனியார் நிறுவனம் ஒன்றில் சேர்வதற்கு முன் அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்பதையும், பட்டமாயின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்பதையும், நீங்கள் விரும்பும் பதவிக்கு இறுதியாக வெளிவந்த வர்த்தமானி அறிவித்தலில் என்ன தகைமை கோரப்பட்டது என்பதையும் பார்த்துவிடுங்கள். கலைப் பிரிவில் கற்றவர்கள் தமக்கு இங்கு இடமில்லை என்று எண்ணி ஒதுங்குவதும் பிழையே. அவர்கள் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றலாம், நீதிமன்ற, நன்னடத்தைப் பணிகளுக்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொள்ளலாம்.

மொழி குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் தமிழுக்கு அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை இடமளித்துள்ளது. ஆயினும் பொலிஸ் நிலையப் பதிவுகள் பலவும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. அம்பாறை நகரப் பகுதியில் சிங்களமின்றிப் பணியாற்றுவது கடினம். மருத்துவ அறிக்கையும் பகுப்பாய்வு அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ செல்லும்போது வாதங்கள் நடைமுறையில் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. ஒரே சாட்சியின் சொல் இவ்வாறு மூன்று மொழிகளைக் கடந்து செல்வதனால், தமிழ் எமது தாய்மொழிதானே என்ற நம்பிக்கையில் ஏனைய இரண்டையும் ஒதுக்குபவர் தம் பதவி உயர்வை மட்டுமன்றி, தம்மை நம்பி வாய்திறந்த சாட்சியையும் கைவிடுகிறார்.

தாய்மொழியிலும் கவனம் வேண்டும். எமது பேச்சுவழக்கில் 'அவன் அடிச்சான்' என்பது கையால் தாக்கியதையும் குறிக்கலாம், தொலைபேசியில் அழைத்ததையும் குறிக்கலாம். 'மறுகா வந்தவன்' என்று மட்டக்களப்புச் சாட்சி சொன்னால் பிறகு வந்தவன் என்பதே பொருள். வெளியூர் உத்தியோகத்தர் அதனை 'மறுபடியும் வந்தவன்' என்று விளங்கிக்கொண்டு எழுதிவிட்டால், ஒருமுறை மட்டுமே அவ்விடத்துக்கு வந்த ஒருவர் இருமுறை வந்தவராகிவிடுவார். எனவே வாக்குமூலம் பதியும் பணியை எண்ணுபவர்கள் சாட்சியின் சொற்களை அவர் சொன்னவாறே எழுதவும், ஐயமுள்ள இடத்தில் 'நீங்கள் சொன்னது இதுதானா' என்று கேட்டு உறுதிசெய்யவும் இப்போதிருந்தே பழக வேண்டும். வீட்டில் ஒருவரை ஐந்து நிமிடம் பேசவைத்து, அதனை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டிப் பாருங்கள். எத்தனை இடத்தில் உங்கள் சொல் அவர் சொல்லின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது என்பது தெரியும்.

சட்டத்தைச் சட்டத்தரணிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று தொழில்நுட்பம் கற்பவர்கள் விட்டுவிடுவதும் பரவலான தவறு. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆவது பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாதாரண வழக்குகளில் இதுவே விதி என்பதால், பௌதிகச் சான்றின் பெறுமதி எத்தகையது என்பது புரியும். ஒலி, ஒளிப் பதிவுகளையும் கணினிச் சான்றுகளையும் ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. அவற்றை முன்வைக்க விரும்பும் தரப்பு, விசாரணைக்குக் குறித்த திகதிக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. மிகத் தெளிவான காணொளி ஒன்றும் இந்நாட்களைத் தவறவிட்டால் சிக்கலுக்கு உள்ளாகும் என்பதைக் கணினி கற்பவர் அறிந்திருக்க வேண்டாமா?

அதேபோல் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தைப் படிக்காமலேயே அத்துறையில் 'பயிற்சி' எடுக்கும் இளைஞர்களை நினைத்து நான் உண்மையிலேயே கவலைப்படுகிறேன். நண்பனின் முகநூல் கணக்கில் கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து பார்ப்பது, கடையொன்றின் வைஃபை வழியாக அதன் கணினியை எட்டிப் பார்ப்பது ஆகியவை விளையாட்டாகத் தோன்றலாம். அனுமதியற்ற அணுகல் அச்சட்டத்தின் 3 ஆவது பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாகும். அச்சட்டமே விசாரணைகளுக்கு உதவும் நிபுணர்களாகப் பல்கலைக்கழக ஆளணியினரையும் நியமிக்க இடமளித்துள்ளது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கணினி விஞ்ஞானம் கற்கும் ஒருவருக்கு நாளை திறக்கக்கூடிய அந்தக் கதவு, இன்றைய ஒரு விபரீத ஆர்வத்தால் அடைபட்டுவிடக்கூடாது. பயிற்சிக்குச் சொந்தமான பழைய தொலைபேசியும் பழைய வன்தட்டும் போதும்.

சான்றைக் கையாளும் பழக்கம் வேலை கிடைத்த பின்னர் வரும் என்று காத்திருப்பதும் தவறே. குருதி படிந்த ஈர உடையைப் பொலித்தீன் பையில் கட்டினால் ஈரப்பதம் தங்கிப் பூஞ்சணம் பற்றும், மரபணு சிதையும். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில், வாவிக்கரை ஊர்களின் புழுக்கத்தில், இது இன்னும் விரைவாக நிகழும். ஆகவே உடையை நிழலில் காற்றாட உலர்த்திக் கடதாசி உறையில் இடுவதே முறை. கண்காணிப்புக் கமராவின் பதிவைப் பெறும்போது அதன் கடிகாரம் காட்டும் நேரத்தையும் உண்மையான நேரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைகளிலுள்ள பதிவுக் கருவிகளின் கடிகாரம் பிழையாக ஓடுவது சாதாரணம். அவ்வேறுபாடு எழுதப்படாவிட்டால், குற்றம் நடந்த வேளையில் வேறிடத்தில் இருந்த ஒருவர் அங்கு நின்றவராகிவிடலாம். வன்தட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவியின் ஊடாகப் பிரதியெடுத்து, மூலத்துக்கும் பிரதிக்கும் 'ஹாஷ்' எனப்படும், உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் அடையாள எண்ணைக் கணித்து ஒப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். இவை எல்லாவற்றினும் முதன்மையானது, யார், எப்போது, எங்கே, எந்த நிலையில் பெற்று யாரிடம் ஒப்படைத்தார் என்ற குறிப்பை அவ்விடத்திலேயே எழுதுவது. மாலையில் நினைவிலிருந்து எழுதும் பழக்கம் உள்ளவர் இத்துறைக்கு வருவதற்கு முன் அதனைக் கைவிட வேண்டும்.

இயந்திரமோ நிபுணரோ சொன்னால் பிழைக்காது என்ற எண்ணமும் ஆபத்தானது. 2004 மார்ச் 11 ஆம் திகதி மட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், குண்டை வெடிக்கவைக்கும் வெடிப்பிகள் இருந்த பை ஒன்றில் கிடைத்த விரலடையாளம் ஓர் அமெரிக்கச் சட்டத்தரணியுடையது என்று அந்நாட்டின் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ.யின் அனுபவமிக்க பரிசோதகர்கள் ஒன்றுக்கு மேற்பட்டோர் முடிவுசெய்தனர். அவர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தடுத்துவைக்கப்பட்டார். அந்த அடையாளம் அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் பொலிஸார் கண்டறிந்த பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார். எப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. முதலாமவரின் முடிவை அறிந்துகொண்டே மற்றவர்கள் சரிபார்த்தனர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. முந்திய முடிவை அறியாமல் பார்ப்பவரின் சம்மதத்துக்கே மதிப்பு உண்டு என்பதை ஆய்வுகூடத்துக்குச் செல்ல விரும்புபவர் பாடசாலைப் பரிசோதனைகளிலேயே கடைப்பிடிக்கலாம். உங்கள் அளவீட்டைச் சொல்லாமல் சக மாணவரை அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஊரின் இயல்போடு ஒட்டியது. இங்கு ஒருவரையொருவர் சந்தித்தால் எந்த ஊர், எந்தக் குடி என்று கேட்டு உறவு கண்டுபிடித்துவிடுவோம். தாய்வழிக் குடி முறை கரையோரத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வேரூன்றியுள்ள இவ்விரு மாவட்டங்களில், நாம் கையாளும் கோப்பில் மச்சான் முறையானவரின் பெயர் வருவது அரிதல்ல. அந்நிலையில் மேலதிகாரிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து விலகிக்கொள்ள வேண்டும். வீட்டுத் திண்ணையில் வழக்கைப் பற்றிக் கேட்கும் மாமாவுக்கும் மாமிக்கும் மரியாதையோடு மறுமொழி மறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். விபத்து நடந்த இடத்தில் சடலத்தைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுக்களில் பகிரும் வழக்கம் எமது பகுதியில் பெருகியுள்ளது. இத்துறையை நாடும் மாணவர் அதில் ஒருமுறையேனும் பங்குகொள்ளக் கூடாது. இறந்தவரின் தாய் அந்தப் படத்தைக் காண நேர்வதே அதற்குப் போதிய காரணம்.

கடைசியாக, நீதிமன்றத்துக்குள் ஒரு நாள்கூடச் சென்று அமராமல் இத்துறையைத் தெரிவுசெய்துவிடுவது பற்றி. நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்கள் முன்னிலையில் நடைபெற வேண்டும் என்று அரசியலமைப்பின் 106 ஆவது உறுப்புரை கூறுகிறது. சட்டம் விதிவிலக்களித்த வழக்குகள் தவிர ஏனையவற்றை எவரும் பார்வையிடலாம். ஒழுங்காக உடுத்து, தொலைபேசியை நிறுத்திவிட்டு, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மேல் நீதிமன்றத்தின் பின்வரிசையில் ஒரு காலைப்பொழுது அமருங்கள். சான்றுப்பொருள் பொதி ஒன்று சாட்சியிடம் காட்டப்படும் வேளையில் எதிரித் தரப்புச் சட்டத்தரணி கேட்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: முத்திரையை இட்டவர் யார், எத்தனை மணிக்கு, பொதி அன்றிரவு எங்கே வைக்கப்பட்டது, அதனைக் கொழும்புக்கு எடுத்துச் சென்றவர் கையொப்பமிட்டாரா, உடைத்தபோது முத்திரை குலையாமல் இருந்ததா. வீட்டுக்கு வந்து, அந்தச் சாட்சியின் இடத்தில் நீங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எந்தக் குறிப்பைக் காட்டி விடையளிப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.