"சாமி கண்ணைக் குத்தும்" என்று வெருட்டாமல் பிள்ளைக்கு அறம் பழக்குவது

கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளை தானாக நல்லதாகிவிடும் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் உண்டு. ஞாயிறு அறநெறி வகுப்பும் பள்ளிக்கூடச் சமய பாடமும் கதைகளையும் சொற்களையும் தரும். அவை பழக்கமாவது வீட்டில்தான்.

முதலில் வெருட்டை விடுங்கள். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று கேட்டு வளரும் பிள்ளை ஒருநாள் பொய் சொல்லிப் பார்க்கும். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அதோடு வெருட்டும் போச்சு, சிலவேளை சாமியும் போச்சு. தம்பிக்கு அடித்தால், "அவனுக்கு நோகுது, பார். இப்ப என்ன செய்யப் போறாய்?" என்று உடனேயே கேளுங்கள். நீண்ட பிரசங்கம் வேண்டாம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கட்டும், உடைத்ததை ஒட்டட்டும். தண்டனையாகத் தேவாரத்தைப் பத்துத்தரம் எழுதவைத்தால் தேவாரம்தான் வெறுத்துப்போகும்.

வயதையும் கவனியுங்கள். சிறு பிள்ளைகள் நோக்கத்தைவிடச் சேதத்தையே பார்க்கிறார்கள் என்று சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே 1932இல் எழுதினார்: தவறுதலாகப் பதினைந்து கோப்பை உடைத்தவன், களவாக ஜாம் எடுக்கப்போய் ஒன்றை உடைத்தவனைவிடக் கூடாதவனாம். ஆகவே ஏழு வயதுக்குள், "வேணுமெண்டு செய்தவனோ?" என்ற கேள்வியை அடிக்கடி கேளுங்கள்.

விரதத்தையும் அறத்தையும் குழப்பாதீர்கள். வெள்ளிக்கிழமை மச்சம் தவிர்ப்பது வீட்டு ஒழுங்கு, களவு அப்படியல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் லாரி நூச்சியும் எலியட் டுரியலும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்தவ, யூதப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கடவுள் தடுக்காவிட்டாலும் களவு பிழைதான் என்றார்கள். வழிபாட்டு விதிகளைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. எட்டு வயதுக்குப் பிறகு, "சாமி தடுக்காவிட்டாலும் களவு பிழையோ, ஏன்?" என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள். "சாமிக்குப் பிடிக்காது" என்று பதில் வந்தால், "ஏன் பிடிக்காது?" என்று தொடருங்கள். கோயிலுக்கே போகாத மாமா நல்லவரா என்று பிள்ளை கேட்டால், "ஓம்" என்று சொல்லி நிறுத்துங்கள். "ஆனால்" வேண்டாம்.

ஆத்திசூடியின் 109 வரிகளையும் ஒப்புவிக்க வைப்பதில் பெரிய பயனில்லை. கிழமைக்கு ஒன்று போதும். "இயல்வது கரவேல்" என்றால், நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய கச்சானைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பங்கிடட்டும். பங்கிட்ட பிறகே வரியைச் சொல்லுங்கள். அதற்குப் பரிசு கொடுக்காதீர்கள். அடுத்தமுறை பரிசு இல்லாமல் கச்சான் பொதி திறபடாது.