நாய் கவ்விய கோழிக்கு நாம் பார்க்கும் தப்பு வைத்தியம்

புளியரையில் எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் மலை. கீரி, மரநாய், தெருநாய் மூன்றுக்கும் எங்கள் கோழிகள் மேல் ஒரு கண் உண்டு. ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால், அந்த இரைச்சலில் கோழி கத்துவதுகூடக் கேட்காது. அப்படி ஒரு சாயங்காலம் ஒரு கருப்புப் பெட்டையை நாய் கவ்வி உதறிப் போட்டுவிட்டது. முதுகில் தோல் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். பிழைத்திருக்க வேண்டிய கோழி. நான் பார்த்த வைத்தியத்தில் அரை மணி நேரத்தில் செத்துப்போனது.

வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காயத்தைக் கழுவினேன். அது துடித்ததால் தம்பியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். தலை சாய்ந்ததும் அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றுமே தவறு.

பச்சைத் தண்ணீரிலிருந்து தொடங்கலாம். கோழியின் உடல் சூடு சாதாரணமாகவே 41, 42 டிகிரி செல்சியஸ். நமக்கு அது கடுங்காய்ச்சல். அடிபட்ட அதிர்ச்சியில் அந்தச் சூடு மளமளவென்று இறங்கும். அந்த நேரத்தில் தலையோடு தண்ணீர் ஊற்றினால் இருக்கிற சூடும் போய்விடும். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் நின்றதும் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, கோழியை உள்ளே விட்டு, இருட்டான, சத்தமில்லாத மூலையில் வைத்துவிட வேண்டும். சாரல் காலமென்றால் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு, துணியிலும் அட்டையிலும் படாத தூரத்தில். சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர இடம் வேண்டும். வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். காயம் கழுவுவது ஒரு மணி நேரம் கழித்து நடந்தாலும் குடி முழுகிவிடாது.

வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பது. கோழியின் அலகைத் திறந்து பாருங்கள். நாக்கை அடுத்து நடுவில் ஒரு சிறு பிளவு தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். மயங்கிக் கிடக்கிற கோழிக்கு ஊற்றுகிற தண்ணீர் நேரே அதற்குள் போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால், தெம்பிருக்கிற கோழி தானே நக்கி விழுங்கும். விழுங்காவிட்டால் விட்டுவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு மெடிக்கலில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடியைக் கரைத்துக் கிண்ணத்தில் வைக்கலாம். தண்ணீர் குடித்த பிறகுதான் தீனி.

இறுக்கிப் பிடித்ததுதான் எனக்குத் தெரியாமல் நான் செய்த பெரிய பாவம். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சிழுக்க உதவும் தசை, கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். நெஞ்சை அமுக்கினால் மூக்கைப் பொத்தியது போலத்தான். இறக்கையோடு சேர்த்து நெஞ்சைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

சரி, காயத்துக்கு வருவோம். பார்வைக்குச் சின்னதாக இருக்கும் காயத்தை நம்பவே கூடாது. நாயின் பல் இறங்கிய ஓட்டை கடுகளவு இருக்கும், உள்ளே சதை பிய்ந்திருக்கும். இறகை விலக்கி உடம்பு முழுக்கத் தேட வேண்டும். காயத்தைச் சுற்றி இறகைப் பிடுங்காதீர்கள், தோலும் சேர்ந்து கிழியும், கத்தரியால் நறுக்குங்கள். நாயின் எச்சில் பட்டிருக்கும் என்பதால் கையுறை, இல்லையென்றால் பாலிதீன் பையாவது மாட்டிக்கொண்டு தொடுங்கள். கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது சுமார் ஒன்றரை தேக்கரண்டி. கழுவ இது போதும். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் மட்டும் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். அந்த எலும்புக்குள் இருக்கும் காற்றறை நுரையீரலோடு தொடர்புடையது. அது மருத்துவர் பார்க்க வேண்டிய காயம்.

“மஞ்சப்பொடிய நல்லா அமுக்கி வையி, ஆறிரும்” என்பார் பக்கத்து வீட்டு ஆச்சி. மேல்தோல் கீறலுக்கு ஆச்சியின் வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆழமான ஓட்டையில் மஞ்சளையோ சாம்பலையோ காப்பித்தூளையோ திணித்தால் வாய் அடைத்துக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். மண்ணெண்ணெய் எந்தக் காயத்துக்கும் கூடாது. ஈ உட்கார்ந்தால் ஒரு நாளைக்குள்ளேயே புழு வந்துவிடும். அதனால் காலையிலும் மாலையிலும் இறகை விலக்கிப் பார்ப்பதும், பெட்டிமேல் கொசுவலைத் துண்டு போடுவதும் எந்த எண்ணெயையும் விட மேல்.

வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை 2006-இல் இந்திய அரசு தடை செய்தது. அந்த மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததுதான் காரணம். நமக்குப் பழகிய மாத்திரை பறவைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். மருந்து எழுதித் தந்தால், எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிழைக்காது போலிருக்கிறதே என்று மருந்து ஏறிய கோழியைக் குழம்புக்கு அறுக்கிற பழக்கமும் வேண்டாம்.

அடிபடாமலே கால் இழுக்கிற, கழுத்து முறுக்கிக்கொள்கிற கோழிக்குக் குச்சி வைத்துக் கட்டுவது வீண் வேலை. அது வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். உடனே மற்றவற்றிலிருந்து பிரிக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவலைப் பெட்டையைக் கீரி பிடித்தது. இந்த முறை முதல் நாள் ஒழுங்காகவே நடந்துகொண்டேன். கோட்டை விட்டது ஐந்தாம் நாள். குருணையைக் கொத்தித் தின்கிறது, கொக்கரிக்கிறது, தேறிவிட்டது என்று கூட்டத்தோடு திறந்துவிட்டேன். சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்தாமல் விடாது. மத்தியானத்துக்குள் ஆறின பொருக்கெல்லாம் பிய்ந்து பழைய நிலைக்கு வந்துவிட்டது. கோழி தன் நோவை மறைத்துக்கொள்ளும் பிராணி. அதன் நடையைவிட எச்சத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீராகப் பச்சை நிறத்தில் கழிந்தால் தீனி சரியாக உள்ளே போகவில்லை.

தோல் மூடி, சிவப்பு மறையும்வரை அதைத் தனியாகத்தான் வைத்தேன். அப்புறம் நான்கு நாள் பகலில் பஞ்சாரத்தைப் போட்டு மூடி, மற்றவை மேய்கிற இடத்திலேயே வைத்தேன். முகம் மறந்துபோன கோழியை அவை புதுக்கோழியாகத்தான் நடத்தும். ஐந்தாம் நாள் சாயங்காலம் கம்பை நான்கு இடத்தில் பிரித்து இறைத்துவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கினேன். சேவல் ஒரு தடவை விரட்டியது. அதற்குள் இருட்டிவிட, எல்லாம் கூட்டுக்குள் ஏறிவிட்டன.