பிக் பேங், முதல் உயிர்னு பேச்சு வந்தா சண்டையில்லாம பேசறது எப்படி

பிரபஞ்சம் எப்படி வந்துச்சு, உயிர் எப்படி வந்துச்சுன்னு பேச ஆரம்பிச்சா பாதி நேரம் சண்டைல தான் முடியுது, ஏன்னா ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்கு பதில் சொல்லிட்டு இருப்பாங்க. அதனால முதல்ல கேள்விய பிரிங்க. பிரபஞ்சம் ரொம்ப சூடா, அடர்த்தியா இருந்த நிலைல இருந்து விரிய ஆரம்பிச்சு (இத தான் பிக் பேங்னு சொல்றோம்) சுமார் 1380 கோடி வருஷம், பூமி உருவாகி சுமார் 454 கோடி வருஷம், முதல் உயிர் அதுக்கும் அப்புறம். டார்வின் சொன்ன பரிணாமம் உயிர்னு ஒண்ணு வந்த பிறகு நடக்கறது. பிரபஞ்சம், முதல் உயிர், பரிணாமம் மூணையும் ஒரே மூட்டையா கட்டுனா பேச்சு நகராது.

அடுத்து, ஒரு சோதனை எதை காட்டுச்சோ அதை மட்டும் சொல்லுங்க. 1953ல வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலவைல மின்பொறி விட்டு, புரதத்துக்கு அடிப்படையான அமினோ அமிலம் கிடைச்சதுன்னு வெளியிட்டார். அது உயிருக்கு செங்கல் மாதிரி, கட்டி முடிச்ச வீடு இல்ல. "உயிர்ல இருந்து தான் உயிர் வரும்னு பாஸ்டர் நிரூபிச்சுட்டாரே"ன்னு எதிர்ல இருக்கறவர் கேட்டா, பாஸ்டர்ங்கற அந்த பிரெஞ்சு விஞ்ஞானி காட்டுனது குடுவைல கொதிக்க வெச்ச சாறுல கிருமி தானா முளைக்காதுங்கறத தான், ஆதி கடல்ல பல கோடி வருஷத்துல என்ன நடந்துச்சுங்கறத அந்த குடுவை சொல்லாதுன்னு பொறுமையா சொல்லுங்க. முதல் செல் எப்படி வந்துச்சுன்னு கேட்டா இன்னும் தெரியலன்னே சொல்லுங்க, அதுல ஒரு வெட்கமும் இல்ல.

கடவுள் பேச்சு கண்டிப்பா வரும். அப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச ஆள் லெமேத்ர். பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்க பாதிரியார், பிரபஞ்சம் விரியுதுன்னு 1927லயே எழுதுனவர். 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த கண்டுபிடிப்ப படைப்புக்கு ஆதாரம் மாதிரி பேசுனப்போ லெமேத்ருக்கே அது பிடிக்கல, இந்த கோட்பாடு மதக் கேள்விக்கு வெளில நிக்குதுன்னு தான் சொன்னார். நம்பிக்கையும் இருந்துச்சு, கணக்கும் இருந்துச்சு, ஒண்ண வெச்சு இன்னொண்ண முட்டுக் கொடுக்கல. எதுவுமே இல்லாம இருக்கறதுக்கு பதிலா ஏன் ஏதோ ஒண்ணு இருக்குன்னு ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் கேட்டாரே, அது தத்துவக் கேள்வி, டெலஸ்கோப் வெச்சு முடிக்க முடியாது.

கடைசியா, எதை பார்த்தா உங்க கருத்த மாத்திப்பீங்கன்னு ரெண்டு பக்கமும் கேட்டுக்கோங்க. பிரபஞ்சத்துக்கு தொடக்கமே இல்லன்னு பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல் வாதாடுனார், 1965ல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க வானம் முழுக்க வர்ற நுண்ணலைய, அதாவது பிக் பேங்கோட மிச்ச வெப்பத்த, கண்டுபிடிச்சதா வெளியிட்டதும் பெரும்பாலானவங்க பிக் பேங் பக்கம் வந்துட்டாங்க, ஹாய்ல் வரல. அதுக்காக அவர மட்டம் தட்டிடாதீங்க, நம்ம உடம்புல இருக்கற கார்பன் நட்சத்திரத்துக்குள்ள எப்படி உருவாகுதுன்னு புரிய வெச்சதுல அவர் பங்கு ரொம்ப பெருசு.