வியட்நாம்: முதல் பயணத்துக்கு ஊர்களை அடுக்கும் விதம்

வியட்நாம் நீளவாக்கில் கிடக்கும் நாடு. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை ரயில் பாதையே 1,726 கிலோமீட்டர். ஆகவே ஹனோயில் இறங்கி, ஹோ சி மின் நகரத்திலிருந்து ஊர் திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். இ-விசாவில் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் குறிப்பிட வேண்டும் என்பதால், ஊர் வரிசை முடிவான பிறகே விண்ணப்பியுங்கள்.

அதற்கும் முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள். நான் அக்டோபரில் போய் ஹோய் ஆனில் மாட்டிக்கொண்டேன். ஆற்றங்கரைத் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாட்டின் நடுப்பகுதியில் மழை செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். மார்ச்சில் போனால் வடக்கு, நடு, தெற்கு மூன்றுமே ஒத்துவரும். டெட் எனப்படும் வியட்நாமியச் சந்திரப் புத்தாண்டு வாரம் (ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரி) வேண்டாம். ரயிலில் இடம் கிடைப்பது கடினம்.

பத்து நாளுக்கு நான்கு ஊர் போதும்: ஹனோய், ஹுவே, ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம். ஐந்தாவதைச் சேர்க்க மனம் துடிக்கும், விட்டுவிடுங்கள்.

ஹோய் ஆன் போகும் வழியில், ஹுவேயிலிருந்து டா நாங் நகருக்குப் பகல் ரயிலில்தான் போக வேண்டும். இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். ஹாய் வான் கணவாயில் ரயில் ஊர்ந்து ஏற, புதர்கள் விலகி, நேர்கீழே கடல் திடீரென்று விரியும். என் பெட்டியில் பேச்சே நின்றுபோனது. ஹோய் ஆனுக்கு ரயில் நிலையம் இல்லை; டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் காரில் போகலாம். ஹோய் ஆனிலிருந்து ஒரு விடியற்காலையை மி சோனுக்கு ஒதுக்குங்கள். முற்காலத்தில் இப்பகுதியை ஆண்ட சாம் மன்னர்கள் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள் அவை.

சைவ உணவுக்காரர்கள் ‘சாய்’ (chay, அதாவது சைவம்) என்ற பலகை உள்ள கடையைத் தேடுங்கள். மற்ற இடங்களில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு விட்டிருப்பார்கள்.