கார்ப்பெட்டுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள்

எங்கள் வேளச்சேரி ஃப்ளாட்டில் தரையில் விரிக்க இரண்டு உருப்படி உண்டு. ஒன்று அம்மா கொடுத்த பவானி ஜமுக்காளம். அது பருத்தி நூல். பக்கெட்டில் நனைத்து அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டால் வேலை முடிந்தது. புதுசாக இருந்தால் சாயம் போகும், தனியாக அலசுங்கள், அவ்வளவுதான். இன்னொன்று கொழுந்தனார் துபாயிலிருந்து சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்த புசுபுசு கார்ப்பெட். தகராறெல்லாம் இதோடுதான். அடியில் கெட்டியாக ஒரு பூச்சு இருப்பதால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. சென்னைக் காற்றில் இரண்டு நாள் ஈரம் நின்றால் ஹாலுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். அதனால் நான் சொல்வதெல்லாம் தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும் வழிகள்.

முதலில் தூசி. பால்கனிச் சுவரில் தலைகீழாகப் போட்டு, முதுகுப்பக்கம் ஒரு கட்டையால் தட்டுங்கள். கீழ்வீட்டுக்காரர் துணி காயப் போட்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டுவது நல்லது. தூசி போகாமல் ஈரம் பட்டால் சேறுதான் மிச்சம்.

அடுத்து ஆப்ப சோடா. ஐந்துக்கு மூன்றடி கார்ப்பெட்டுக்கு 100 கிராம் தாராளம். டீ வடிகட்டியில் போட்டுத் தட்டிக்கொண்டே போனால் கோலமாவு மாதிரி சீராக விழும். ராத்திரி தூவி, காலையில் முதலில் துடைப்பத்தால் பெருக்கி எடுங்கள்; அப்புறம் வாக்குவம். நேராக வாக்குவம் போட்டால் மாவு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். சோடா வாடையை எடுக்கும், அழுக்கை எடுக்காது. துணி துவைக்கிற வாஷிங் சோடா வேறு சரக்கு, காரம் மிக அதிகம். அதைக் கம்பளியின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

வீடியோக்களில் சோடாவைக் கொட்டி அதன்மேல் வினிகரை ஊற்றி, பொங்குவதைக் காட்டிக் கைதட்டுகிறார்கள். பொங்குவது வெறும் வாயு. ஒன்றின் புளிப்பும் மற்றதின் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் இரண்டுக்கும் வேலை.

அழுக்குக்கு என் நம்பிக்கை பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவையுங்கள். காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். தேநீர் நிறத்தில் இருக்கும். இதை அப்படியே ஊற்றக் கூடாது. அகலமான பாத்திரத்தில் விட்டு, மோர் கடைகிற மத்தால் கடையுங்கள். மேலே வெள்ளை நுரை குமியும். அந்த நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் அள்ளி, ஒரு முழம் இடமாகத் தேய்த்து, உடனே ஈரத்துணியால் ஒற்றி, அப்புறம் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நுரையில் தண்ணீர் குறைவு, அழுக்கை இழுக்கிற சத்து இருக்கிறது, அதுதான் சூட்சுமம். துணி கறுப்பாக வருவதைப் பார்த்தால் இத்தனை நாள் இதன்மேலா உட்கார்ந்திருந்தோம் என்று இருக்கும். வெளிர் நிறக் கார்ப்பெட் என்றால் முதலில் சோபாவுக்கு அடியில் வரும் மூலையில் சோதித்துப் பாருங்கள். மிச்சத் தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும், புளித்துப்போகும். கண்ணில் பட்டால் எரியும்; குழந்தைகள் ஜாக்கிரதை.

இனி கறைகள். சாம்பார் சிந்தினால் நம் கை தானாகச் சோப்புக்குப் போகும். போகவிடாதீர்கள். மஞ்சளில் சோப்பின் காரம் பட்டால் சிவந்துபோகும். இப்போது உங்களிடம் இருப்பது மஞ்சள் கறை இல்லை, குங்குமக் கறை. பருப்பைக் கரண்டியால் வழித்து எடுத்து, சோள மாவைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, அரை மணி கழித்துப் பெருக்குங்கள். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுங்கள். மிஞ்சும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது. கார்ப்பெட் சாயமும் ரொம்ப நேரம் தாங்காது என்பதால் காலை வெயில் போதும்.

காபிக்கும் அதே வினிகர் தண்ணீர். குழந்தை மூத்திரத்துக்கு முதலில் பழைய டவலை மடித்துப் போட்டு மேலே ஏறி நின்று உறிஞ்சவையுங்கள்; பிறகு வினிகர் தண்ணீர், நன்றாகக் காய்ந்த பின் சோடா. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும், வெந்நீர் பட்டால் கறை கெட்டியாகிவிடும். எலுமிச்சம்பழத்தை நான் கார்ப்பெட்டில் சேர்ப்பதில்லை. அடர்ந்த நிறம் வெளுத்துவிடும்.

காயவைக்க, நாலு மூலைக்கும் அடியில் முக்காலியோ செங்கல்லோ வைத்துத் தூக்கி, மேலே ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நுரை வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கையால் முடிச்சுப் போட்ட காஷ்மீர்க் கம்பளம் வைத்திருப்பவர்கள் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால், தட்டிப் பெருக்குவதோடு சரி, மற்றதைக் கம்பளம் துவைக்கிறவர்களிடமே விட்டுவிடுங்கள்.