உயில்ல உங்க பேர எக்ஸிகியூட்டரா போட்டிருக்காங்களா? புரோபேட் எடுக்குறது இப்படித்தான்

அப்பா உயில்ல உங்க பேர எக்ஸிகியூட்டரா, அதாவது உயில்படி சொத்த நிர்வகிச்சு பிரிச்சு குடுக்குற ஆளா, எழுதி வச்சிட்டா அன்னிக்கே எல்லாம் உங்க கைக்கு வந்துடும்னு நினைச்சிடாதீங்க. பேங்க்ல உயில நீட்டுனா புரோபேட் எங்கன்னு தான் கேப்பாங்க, நில ஆபீஸ்லயும் அதே கேள்விதான். புரோபேட்னா உயில ஏத்துக்கிட்டு, நீங்க நிர்வகிக்கலாம்னு இங்க மலேசியாவுல ஹைகோர்ட் குடுக்குற ஆர்டர், அது வந்த பிறகுதான் காசு நகரும், கிராண்ட்ல (நிலப் பட்டாவுல) பேர் மாறும். சுங்கை சிப்புட் பக்கம் இருக்குறவங்க ஈப்போ இல்லனா தைப்பிங் ஹைகோர்ட்டுக்கு போவாங்க. முஸ்லிம் குடும்பங்களுக்கு சட்டம் வேற, நான் சொல்றது மத்தவங்களுக்கு.

டீக்கடையில யாராவது "அதெல்லாம் நில ஆபீஸ்லயே முடிச்சிடலாம், அமானா ராயாவுக்கு போ"ன்னு சொல்வாங்க (அமானா ராயாங்குறது இறந்தவங்க சொத்த நிர்வகிக்கிற அரசாங்க நிறுவனம்). அது பெரும்பாலும் உயில் எழுதாம போனவங்க சொத்துக்கு உள்ள வழி. உயில் இருந்தா ஹைகோர்ட்தான். இதுல ஒரு நல்லது என்னன்னா, உயில் இல்லாத கேஸ்ல வழக்கமா ரெண்டு பேர ஜாமீனுக்கு தேடி அலையணும், எக்ஸிகியூட்டருக்கு அந்த தொல்லை கிடையாது.

முதல்ல உயில நல்லா பாருங்க. ஒரிஜினல் வேணும். ரெண்டு சாட்சி ஒரே நேரத்துல கூட இருந்து கையெழுத்து போட்டிருக்கணும், சாட்சி போட்டவருக்கோ அவர் வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ உயில்ல பங்கு எழுதியிருந்தா அந்த பங்கு போயிடும். உயில் எழுதுன பிறகு அவர் மறுபடி கல்யாணம் பண்ணியிருந்தா பொதுவா அந்த உயில் செல்லாது. ஸ்டேப்லர் பின்ன கழட்டாதீங்க, வேற பேப்பர அதோட சேத்து பின் அடிக்காதீங்க, ஓட்டை தெரிஞ்சாலே இதுல என்ன ஒட்டியிருந்துச்சுன்னு கோர்ட்ல கேள்வி வரும். நம்ம பெரியவங்க நிறைய பேர் கைநாட்டு தான், அது தப்பு இல்ல, ஆனா உயில்ல இருக்குறத அவங்களுக்கு படிச்சு காட்டி, புரிஞ்ச பிறகுதான் கைநாட்டு வச்சாங்கன்னு காட்டணும், அதனால சாட்சிங்க ரெண்டு பேரும் இப்ப எங்க இருக்காங்கன்னு தேடி வச்சிக்கிடுங்க. தமிழ்ல எழுதுன உயிலா இருந்தா முறையான மொழிபெயர்ப்பும் சேத்து குடுக்கணும்.

அடுத்தது பேரு. தோட்டத்து குடும்பங்கள்ல கேஸ் இழுக்குறதுக்கு பாதி காரணம் இதுதான்னு நான் சொல்லுவேன். அந்த காலத்துல கிராணி (தோட்டத்து ஆபீஸ் கணக்கர்) காதுல விழுந்தத எழுதுனாரு, ஐசில (அடையாள அட்டையில) சுப்பிரமணியம், வீட்டு கிராண்ட்ல சுப்ரமணியன், சங்கத்து பாஸ்புக்ல வெறும் மணியம், அப்பா பேர்லயும் ரெண்டு எழுத்து கூட குறைய. பழைய கிராண்ட்ல பழைய ஐசி நம்பர் இருக்கும், இறப்பு சர்ட்டிபிகேட்ல பன்னெண்டு இலக்க நம்பர் இருக்கும், ரெண்டும் ஒரே ஆள்னு ஆபீஸ்காரனுக்கு எப்படி தெரியும்? மைகார்ட் (இப்ப உள்ள ஐசி) பின்பக்கம் பழைய நம்பர் இருக்கும், ரெண்டு பக்கமும் காப்பி எடுங்க, இல்லனா பதிவு இலாகாவுல கேட்டு உறுதி பண்ணிக்கிடுங்க. எல்லா பேப்பரையும் மேசை மேல பரப்பி, எதுல என்ன பேர்னு ஒரு தாள்ல எழுதுங்க. மனுவுலயே அந்த பேருங்க எல்லாத்தையும் சேத்து போட்டு, எல்லாரும் ஒரே ஆள்தான்னு சத்தியப் பிரமாணம் குடுத்துட்டா பின்னாடி பேங்க்ல நின்னு சண்டை போட வேணாம்.

அப்புறம் சொத்து லிஸ்ட். வீடு, நிலம், பேங்க் கணக்கு, கார், மோட்டார், அமானா சஹாம் (யூனிட் டிரஸ்ட் முதலீடு), கூடவே கடனும். தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கத்த மறந்துடாதீங்க, 1960ல துன் சம்பந்தன் ஆரம்பிச்சது, அவரே சுங்கை சிப்புட்காரர், தோட்டம் தோட்டமா போய் மக்கள சேத்தாங்க, அதனால பழைய பெட்டியில அந்த பங்கு புத்தகம் இருந்தாலும் இருக்கும், வாரிசு பேர் போட்டிருக்காங்களான்னு சங்கத்துலயே விசாரிங்க. தோட்டத்துல குடியிருந்த லயத்து வீடு கம்பெனியோடது, அது லிஸ்ட்ல வராது. ஈபிஎஃப்ல (ஊழியர் சேமநிதியில) நாமினி போட்டிருந்தா அந்த காசு நேரா நாமினிக்கு போயிடும், புரோபேட் வேணாம், கணவன் மனைவி பிள்ளைங்கள நாமினியா போட்ட இன்சூரன்சும் அப்படித்தான். ஒரு கணக்கு லிஸ்ட்ல விட்டுப்போச்சுன்னா அத சேர்க்க மறுபடி கோர்ட்டுக்கு போகணும், அதனால அவசரப்படாதீங்க. ஆனா மூணு வருஷத்துக்கு மேல தள்ளிப்போட்டா ஏன் லேட்டுன்னு அஃபிடவிட்ல காரணம் எழுதணும்.

மனு போடுறது இதுக்கெல்லாம் பிறகு சின்ன வேலைதான். சம்மன் (மனுவ ஆரம்பிக்கிற பாரம்), அஃபிடவிட், ஒரிஜினல் உயில், இறப்பு சர்ட்டிபிகேட், சொத்து லிஸ்ட், வாரிசு லிஸ்ட், ஒழுங்கா நிர்வகிப்பேன்னு ஒரு சத்தியம், கையெழுத்து எல்லாம் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னாடி. ஒரு வீடு, ஒரு பாஸ்புக், அண்ணன் தம்பிங்க ஒத்துமை, இப்படி இருந்தா பொறுமையுள்ள ஆள் தானே பண்ணிடலாம். பேர் குழப்பமோ, "அப்பாவ மிரட்டி எழுத வச்சிட்டான்"னு யாராவது முணுமுணுக்குறாங்களோ, லோயர வச்சிக்கிடுங்க லா, ஃபீஸ் எவ்வளவுன்னு எழுதி வாங்கிக்கிடுங்க. ஆட்சேபணை உள்ளவங்க கேவியட் (எங்களுக்கு தெரியாம ஆர்டர் குடுக்காதீங்கன்னு கோர்ட்ல போடுற தடை) போட்டா கேஸ் நின்னுடும்.

இந்த பொறுப்பே வேணாம்னு நினைச்சா சொத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே விலகிக்கிடுங்க. ஏடிஎம் கார்டு கையில இருக்கு, கருமாதி செலவுக்குன்னு எடுத்தேன்னு சொன்னாலும் வேணாம், செலவ நீங்க போட்டு ரசீது வச்சிக்கிடுங்க, பின்னாடி சொத்துலேருந்து கழிச்சிக்கலாம்.

கோர்ட் ஆர்டர் வந்ததும் அத்தாட்சி பண்ண காப்பி சிலது எடுங்க. எஸ்டேட் (இறந்தவர் விட்டுட்டு போன சொத்து) பேர்ல தனி கணக்கு தொறந்து எல்லா காசையும் அதுல போடுங்க, உங்க கணக்குல கலக்காதீங்க. முதல்ல சாவு செலவு, கடன், வருமான வரி பாக்கி, கடன் குடுத்தவங்களுக்கு பேப்பர்ல நோட்டீஸ், மிச்சம்தான் பங்கு. தங்கச்சி மாசா மாசம் போன் போட்டு கேட்டாலும், சாவு நடந்த நாள்லேருந்து ஒரு வருஷம் வரைக்கும் பங்க பிரிச்சே ஆகணும்னு சட்டம் உங்கள கட்டாயப்படுத்தல. எஸ்டேட் டியூட்டி, அதாவது இறந்தவர் சொத்துக்கு வரின்னு யாராவது பயமுறுத்துனா, அத 1991லயே எடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க. வீட்டுக்கு நில ஆபீஸ்ல ரெண்டு கட்டம், முதல்ல கிராண்ட்ல உங்க பேர் பிரதிநிதின்னு ஏறும், அப்புறம் 14ஏ பாரம் போட்டு உயில்ல இருக்குறவருக்கு மாத்தணும். நிறைய பேர் முதல் கட்டத்தோட நிறுத்திட்டு வீடு தன் பேர்ல வந்துடுச்சுன்னு இருந்துடுறாங்க, பத்து வருஷம் கழிச்சு அவரும் போயிட்டா அந்த வீட்டுக்கு ரெண்டு சாவு பேப்பரையும் தூக்கிட்டு அவர் பிள்ளைங்கதான் கோர்ட்டுக்கு அலையணும்.